பாதியில் வந்த எண்கள்

ஜூன் மாதத்தின் இரண்டாவது வாரம், ப்ளஸ் ஒன் வகுப்பில், "வன்பொருள் என்றால் என்ன?" என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது டயானாவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இதே வாக்கியத்தை, இதே பலகையின் இதே மூலையில், பதினான்காவது வருஷமாக எழுதுகிறாள். அன்றைய பாடத்தை ஒழுங்காக நடத்தி முடித்தாள். வீட்டுப்பாடம் கொடுத்தாள். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள்.

அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. வில்லாபுரத்தில் வீடு. கணவர் ஜெரால்ட் அதே மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விஷயத்தைக் கேட்டதும் அவர் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார்.

"அப்ப நாளையிலேர்ந்து ஸ்கூட்டில என் பின்னாடி யாரு உக்காருவா?"

"நீங்க பஸ்ல போங்க. ஸ்கூட்டி எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"புரோகிராம் எழுதப் போறேன். பதினாலு வருஷமா எப்பிடி எழுதணும்னு சொல்லிக் குடுத்துட்டே இருந்தேன். ஒண்ணாச்சும் எழுதிப் பாக்க வேண்டாமா?"

மறுநாள் ஜெரால்ட் வில்லாபுரம் பஸ் நிறுத்தத்தில் டிபன் டப்பாவோடு நின்றார்.

டயானாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த மிஷினாக இருந்தாலும் 'சார்' போட்டுத்தான் பேசுவாள். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்கள் காலையில் உயிர் வராமல் அடம் பிடிக்கும்போது, "சார், கொஞ்சம் மனசு வைங்க சார்" என்று கெஞ்சுவாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மிக்ஸியும் சார்தான், ஸ்கூட்டியும் சார்தான். அவள் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே மிஷின் ஜெரால்ட் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

முதல் வருஷம் சின்னச் சின்ன வேலைகள். ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு ஒன்று, ஒரு டியூஷன் சென்டருக்கு ஒன்று, சர்ச்சில் பாட்டு நம்பரைத் திரையில் காட்டுவதற்கு ஒன்று. எல்லாமே ஓடின. ஆனால் எதுவும் அவளை ராத்திரி சோறு ஆறிப்போகும் அளவுக்கு இழுத்துப் பிடிக்கவில்லை.

இழுத்துப் பிடித்தது ஒரு காய்ச்சல். மூன்று நாள் விடாமல் அடித்ததால் திருப்பரங்குன்றத்தில் டாக்டர் கல்யாணராமன் நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே இருந்து ஒரு குரல் ஏலம் போடுகிற மாதிரி கேட்டது.

"ஹீமோகுளோபின் பன்னெண்டு புள்ளி நாலு! வெள்ளை அணு ஏழு புள்ளி ஒண்ணு! பிளேட்லெட் எரநூத்தி நாப்பது!"

எட்டிப் பார்த்தாள். ரத்த அணுக்களை எண்ணும் மிஷினின் சின்னத் திரையைப் பார்த்து லேப் டெக்னீசியன் விருமாண்டி எண்களை வாசிக்க, பக்கத்தில் சரண்யாதேவி என்ற பெண் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் யாரோ வாசலில் நின்று "டாக்டர் இருக்காரா?" என்று கேட்க, சரண்யாதேவி திரும்பிப் பதில் சொல்லிவிட்டு, "அண்ணே, வெள்ளை அணு எத்தனை சொன்னீங்க?" என்றாள்.

டயானா மடக்கிய கையோடு எழுந்தாள். நேரே உள்ளே போய் மிஷினின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள்.

"மேடம், அங்கல்லாம் வரக்கூடாது" என்றார் விருமாண்டி.

"அண்ணே, இது என்ன?"

ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு சாக்கெட். அதன்மேல் மஞ்சள் பிளாஸ்டிக் மூடி. மூடியின்மேல் விரல் கனத்துக்குத் தூசி. சத்தம் கேட்டு டாக்டரும் வந்துவிட்டார். அறுபது வயது, மெலிந்த உடம்பு, எதற்கும் பதற்றப்படாத மனுஷர்.

"மிஷின் வாங்கி ஒம்பது வருஷம் ஆச்சும்மா. அந்த மூடியை நாங்க கழட்டினதே இல்லை. எதுக்குன்னும் தெரியாது" என்றார்.

"சார், இது சீரியல் போர்ட். இந்த மிஷின் ஒவ்வொரு ரிசல்ட்டையும் இது வழியா கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒம்பது வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். கேக்கத்தான் ஆளில்ல."

டாக்டர் மிஷினைப் பார்த்தார். பிறகு டயானாவின் கையில் இருந்த பஞ்சைப் பார்த்தார். "முதல்ல உக்காரும்மா. காய்ச்சல் விடட்டும். அப்புறம் வந்து கேளு" என்றார்.

காய்ச்சல் விட்ட மறுநாளே போய் நின்றாள்.

முதல் இரண்டு நாள் ஒரு எழுத்துகூட வரவில்லை. கேபிளுக்குள் இரண்டாவது கம்பியும் மூன்றாவது கம்பியும் இடம் மாறியிருக்க வேண்டும் என்பது மூன்றாம் நாள் புரிந்தது. மாற்றிச் சாலிடர் வைத்தாள். இப்போது வந்தது, ஆனால் எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கல்களாக வந்தது. மிஷின் ஒரு வேகத்தில் பேச, கம்ப்யூட்டர் வேறு வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. மிஷினோடு வந்த கையேட்டின் ஜெராக்ஸ் பிரதியைப் புரட்டினாள்; சரியான வேகம் அதில் இருந்தது, ஆனால் நாற்பத்தேழாம் பக்கத்தைக் காணோம். வேகத்தைச் சரிசெய்ததும் திரையில் தெளிவாக ஒரு வரி வந்தது. HGB 13.1, அதாவது ஹீமோகுளோபின். விருமாண்டி மிஷினின் திரையைப் பார்த்தார். அங்கேயும் 13.1.

"சார், பேசிட்டீங்க சார்!" என்று மிஷினைத் தட்டிக்கொடுத்தாள் டயானா. டாக்டர் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. அவள் எழுதிய முதல் புரோகிராம் ஒரு சுற்றில் மாட்டிக்கொண்டு, "வந்ததா? வந்ததா? வந்ததா?" என்று போர்ட்டை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்ததால் வேறு எதையும் செய்யவில்லை. சரண்யாதேவி நோயாளியின் பெயரை அடித்தால் பெயர் ஏறாது. மவுஸை அமுக்கினால் அசையாது.

"மேடம், ஸ்கிரீன் வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு. நான் ஒண்ணும் பண்ணலை, சத்தியமா!"

இதற்கு வேறு வழி இருப்பது டயானாவுக்குப் பாடமாகத் தெரியும், கையால் செய்ததில்லை. ஒரு சின்ன ஃபங்ஷனை, அதாவது ஒரே ஒரு வேலையைச் செய்யும் துண்டு புரோகிராமை எழுதி, அதன் பெயரை சீரியல் போர்ட்டிடம் கொடுத்துவைக்க வேண்டும். ஏதாவது வந்தால் இதைக் கூப்பிடு, அதுவரை நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்கிறோம் என்கிற ஏற்பாடு. அப்படிக் கொடுத்துவைக்கிற ஃபங்ஷனைத்தான் கால்பேக் என்பார்கள். கேட்பது நிற்கும், கூப்பிடுவது தொடங்கும்.

எழுதினாள். முதல் தடவை ஓடவிட்டதுமே புரோகிராம் சுருண்டு விழுந்தது. கால்பேக் தன் கையாலேயே திரையில் எண்ணை எழுதப் போயிருந்தது. அது ஓடுவது வேறு தடத்தில், அங்கிருந்து திரையைத் தொட அதற்கு அனுமதி கிடையாது. எண்ணைத் திரையைக் கவனிக்கும் தடத்திடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும்படி மாற்றினாள். அதன்பின் வெண்ணெய் மாதிரி ஓடியது.

வீட்டில் இரண்டு லேப்டாப்பைக் கேபிளால் இணைத்து, ஒன்றை மிஷினாக நடிக்கவிட்டு, இருநூறு தடவை சோதித்தாள். இருநூறும் சரி. ஜெரால்ட் கேசரி கிண்டினார். முந்திரி அதிகம் போட்ட கேசரி.

அவள் கவனிக்கத் தவறியது ஒன்றே ஒன்று. நடிக்கும் லேப்டாப் அனுப்பியது ஒரே ஒரு சின்ன வரி. நிஜ மிஷின் ஒரு நோயாளிக்கு அனுப்புவதோ இருபது இருபத்தைந்து வரி.

ஐப்பசி பிறந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. எங்கு பார்த்தாலும் காய்ச்சல், எல்லாருக்கும் டெங்குப் பயம். லேப் வாசலில் காலை ஏழு மணிக்கே செருப்புக் குவியல். திங்கட்கிழமை புரோகிராமை உண்மையாக ஓடவிட்டார்கள். திங்கள் பிரச்சினை இல்லை, செவ்வாய் பிரச்சினை இல்லை. விருமாண்டியின் ஏலம் நின்றுபோய், லேபில் முதன்முறையாக ஃபேன் சத்தம் கேட்டது.

புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு விருமாண்டி கையில் ஒரு தாளோடு வந்தார். தாளைப் பார்த்தார், வாசல் பெஞ்சைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"மேடம், சத்தே இங்க வாங்க. இந்தத் தாளப் பாருங்க. பெறகு அந்தா உக்காந்திருக்கே, அந்தப் பச்சைச் சேலை, அதப் பாருங்க."

பெஞ்சில் ஒரு அம்மாள் வறுத்த கடலையை உரித்து, தோலை ஊதித் தள்ளி, நிதானமாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஹீமோகுளோபின் ஒண்ணுன்னு போட்டிருக்கு. ஒண்ணுன்னா ஆளைத் தூக்கிட்டுத்தான் வரணும். இந்தம்மா கடலை திங்கிது!"

டயானா மிஷினின் திரையைப் பார்த்தாள். அதில் 11.4. தாளில் 1.

காரணம் அவளுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. மிஷின் எண்களை ஒவ்வொரு எழுத்தாக அனுப்புகிறது. எத்தனை எழுத்து சேர்ந்ததும் கால்பேக்கைக் கூப்பிடுவது என்பது கம்ப்யூட்டரின் இஷ்டம். சில நேரம் முழுதாகச் சேர்ந்தபின் கூப்பிடும், சில நேரம் பாதியிலேயே கூப்பிட்டுவிடும். 'HGB 1' வரை வந்ததும் கூப்பிட்டிருக்கிறது. அவளுடைய கால்பேக் அதுதான் முழு எண் என்று நம்பி எழுதிவிட்டது. பின்னாலேயே வந்த '1.4' எதனோடும் சேராமல் குப்பைக்குப் போயிருக்கிறது.

நேரே டாக்டரின் அறைக்குப் போனாள்.

"சார், என் புரோகிராம்ல தப்பு இருக்கு. நம்பரைப் பாதியிலே வெட்டுது. இன்னைக்குப் போன ரிப்போர்ட்டெல்லாம் பாக்கணும். நேத்து, முந்தாநாள் போனதும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எல்லாத்துலயும் கையெழுத்து என்னோடது. உக்காரும்மா, ஒண்ணொண்ணா பாப்போம்."

மிஷின் தன் நினைவில் எல்லா ரிசல்ட்டையும் வைத்திருந்தது. விருமாண்டி பழையபடி வாசித்தார். டயானா ரிப்போர்ட் நகல்களில் டிக் அடித்தாள். திங்கள் எல்லாம் சரி. செவ்வாய் எல்லாம் சரி. புதன்கிழமையில் கடலை தின்ற அம்மாவைத் தவிர இன்னும் ஒன்று. உக்கிரபாண்டி, வயது ஐம்பத்திரண்டு, தனக்கன்குளம். பிளேட்லெட் இருபத்தோராயிரம் என்று ரிப்போர்ட். மிஷினில் 214, அதாவது இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம். முழு ஆரோக்கியம்.

"இதை நான் விட்டிருக்கக் கூடாது" என்றார் டாக்டர். "இவ்வளவு கம்மியா வந்தா ஸ்லைடு போட்டுப் பாக்கணும். கூட்டத்துல விட்டுட்டேன்."

ஒன்பதரை மணிக்கே உக்கிரபாண்டியின் மகன் வந்து ரிப்போர்ட்டை வாங்கிப் போய்விட்டான். போன் போட்டார்கள். உக்கிரபாண்டி வேறொரு அழைப்பில் இருந்தார். பத்து நிமிஷம் கழித்தும் வேறொரு அழைப்பில் இருந்தார். சொந்தக்காரர்கள் அம்புட்டுப் பேரும் துக்கம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள் என்று விருமாண்டி சொன்னார்.

"நான் போறேன் சார்" என்று டயானா ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள். "சரண்யா, நான் வர்ற வரைக்கும் கேபிளைப் புடுங்கி வச்சிரு. கையிலயே அடி."

தூறலில் தனக்கன்குளம் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் மாடியில் இருந்து குரல் கொடுத்தாள்.

"அவுக மாட்டுத்தாவணிக்குல்ல போயிருக்காக! பெரியாஸ்பத்திரில படுக்கப் போறாகளாம். அதுக்கு முன்னாடி டூட்டிய ஒப்படைக்கணும்னு ஒரே புடிவாதம்."

உக்கிரபாண்டி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ்களுக்கு நேரம் குறித்து அனுப்பும் டைம் கீப்பர் என்பது அப்போதுதான் டயானாவுக்குத் தெரிந்தது. ஊரின் ஒரு கோடியில் இருந்து இன்னொரு கோடிக்கு ஓட வேண்டும். "சார், இன்னைக்கு மட்டும் கைவிட்டுராதீங்க" என்று ஸ்கூட்டியிடம் சொல்லிவிட்டு ரிங் ரோட்டைப் பிடித்தாள். மழைக்கோட்டு வாங்கியதிலிருந்து சீட்டுக்கடியில்தான் இருக்கிறது என்பது பாதி வழியில் ஞாபகம் வந்தது. நிறுத்தவில்லை.

போகிற வழியெல்லாம் மனசு வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டே வந்தது. நல்லவேளை, நன்றாக இருக்கிறவருக்கு மோசம் என்று வந்தது. முடியாமல் கிடக்கிற ஒருவருக்கு நன்றாக இருக்கிறது என்று வந்திருந்தால்? ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினாள்.

மாட்டுத்தாவணியில் டைம் கீப்பர் அறையைத் தேட வேண்டியிருக்கவில்லை. கூட்டம் காட்டிக்கொடுத்தது. ஏழெட்டு டிரைவர்களும் கண்டக்டர்களும் வட்டமாக நிற்க, நடுவில் நாற்காலியில் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆறடி உயர மனுஷர் ஒருவர். பெரிய மீசை, மைக் வைக்காமலே பஸ் ஸ்டாண்டு முழுவதும் கேட்கும் குரல். பக்கத்தில் அவர் மனைவி இருளாயி, கையில் எவர்சில்வர் சொம்பு. சொம்பு நிறையப் பப்பாளி இலைச் சாறு.

"மேலூர் வண்டிய நேரத்துக்கு முன்னாடி எடுக்க விட்டுராதீங்கடா. நான் இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார் உக்கிரபாண்டி.

"அண்ணே, அப்பிடிச் சொல்லாதீகண்ணே" என்று ஒரு கண்டக்டர் கண்ணைத் துடைத்தார்.

டயானா சொட்டச் சொட்ட நனைந்தபடி வட்டத்துக்குள் புகுந்தாள். "அண்ணே, நீங்க ரத்தம் குடுத்தீங்கள்ல, அந்த லேப்ல இருந்து வாரேன். உங்க ரிப்போர்ட் தப்புண்ணே."

உக்கிரபாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"இன்னும் கம்மியா தாயி?"

"ஐயோ, இல்லண்ணே! ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம். நீங்க நல்லா இருக்கீங்க. ரெண்டு, ஒண்ணு, நாலுன்னு மூணு நம்பர் வரணும். ரெண்டும் ஒண்ணும் வந்ததுமே, முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு என் புரோகிராம் இருபத்தொண்ணுன்னு எழுதிருச்சு. நாலு பின்னாடியே வந்திருக்கு. வாங்கிக்க ஆளில்ல."

உக்கிரபாண்டி துண்டை மெதுவாகத் தலையிலிருந்து எடுத்தார்.

"அதாவது, ஆளு ஏறி முடியிறதுக்குள்ள விசிலடிச்சுட்டீக."

"ஆமாண்ணே."

கண்டக்டர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார். ஆனால் இருளாயி சிரிக்கவில்லை. சொம்பை மேஜைமேல் டங்கென்று வைத்தாள்.

"காலையில இருந்து எம்புள்ளைக ரெண்டும் அழுது கண்ணு வீங்கிக் கெடக்குக. எந் தம்பி ராமநாதபுரத்துல இருந்து வண்டியேறிட்டான். நீ வந்து சுளுவா தப்புன்னு சொல்ற?"

டாக்டரின் கையெழுத்து, கூட்டம், மிஷின் என்று சொல்ல டயானாவுக்கு எத்தனையோ இருந்தது. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டாள்.

"தப்பு என்னோடதுதான்க்கா. நான் எழுதுனதுதான் தப்பு. இன்னொரு தடவை ரத்தம் எடுத்து டாக்டரே உக்காந்து பாப்பாரு. உங்க கண்ணு முன்னாடி. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

இருளாயி அவளை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தாள். சேலையில் இருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்ட் தரையில் ஒரு சின்னக் குளமாகத் தேங்கியிருந்தது.

"எங்கிருந்து வார?"

"பரங்குன்றத்துல இருந்து தனக்கன்குளம். அங்க வீடு பூட்டியிருந்துச்சு. அங்கயிருந்து இங்க."

"இந்த மழையிலயா? கோட்டு கீட்டு இல்லையா?" என்றவள் கணவர் போர்த்தியிருந்த துண்டைப் பிடுங்கி டயானாவிடம் நீட்டினாள். "தலையத் தொடச்சுக்க மொதல்ல."

அதற்குள் உக்கிரபாண்டி வேறு ஒரு கணக்கில் இறங்கியிருந்தார். "அப்ப இந்த எலைச் சாறு தேவையில்லையா?"

"தேவையில்லண்ணே."

"மூணு சொம்பு குடிச்சிருக்கேன் தாயி! நாக்கு செத்துப் போச்சு!"

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். இருளாயியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு லேபில் டாக்டர் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிறகு உக்கிரபாண்டியையே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் வெகுநேரம் பார்த்தார். "பொடிப் பொடியா நெறையக் கெடக்கு" என்று மனைவியிடம் அறிவித்தார். சாதாரணக் காய்ச்சல்தான். போகும்போது அந்த மிஷினைத் தேடிப் போய் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போனார்.

எல்லாரும் போனபின் டயானா டாக்டர் முன்னால் நின்றாள். "சார், கேபிளைக் கழட்டிருங்கன்னு சொன்னீங்கன்னா நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"கையில அடிச்சப்பவும் தப்பு வந்துருக்கும்மா" என்றார் டாக்டர். "எங்க, எப்ப, எத்தனைன்னு எனக்குத் தெரியவே தெரியாது. உன் தப்பு எங்க இருக்குன்னு தெரியுது. அதைச் சரி பண்ணு."

விருமாண்டி குறுக்கே வந்தார். "சரி பண்ணட்டும் சார், வேணாங்கல. ஆனா பதினஞ்சு நாளைக்கு நான் வாசிப்பேன், சரண்யா கையில அடிக்கும், அதுவும் ஒரு பக்கம் ஓடட்டும். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் நான் நம்புவேன்."

"அண்ணே, நானே அதத்தான் கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள் டயானா.

இந்த முறை கால்பேக்கின் வேலையைக் குறைத்தாள். அது இனி எண்ணைப் படிக்காது, அர்த்தம் பார்க்காது. வருகிற துண்டுகளை வந்த வரிசையில் ஒரு கூடையில் போடும், அவ்வளவுதான். ஒரு செய்தி தொடங்கும்போது மிஷின் ஓர் அடையாளம் அனுப்பும், முடியும்போது ஓர் அடையாளம் அனுப்பும். முடிவு வந்த பிறகுதான் கூடையைத் திறந்து படிக்க வேண்டும். முடிவுக்கு முன்னால் இரண்டு எழுத்து புரியாமல் வந்துகொண்டிருந்தது. அதை விளக்க வேண்டிய பக்கம்தான் காணாமல்போன நாற்பத்தேழு.

சனிக்கிழமை மத்தியானம் ஜெரால்ட் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மிஷின் அனுப்பிய எழுத்துகளை அவள் எண்களாக மாற்றி அச்சடித்துவைத்த தாளை வெறித்துப் பார்த்தார். பென்சிலை எடுத்தார். ரசம் ஆறியது, அப்பளம் நமுத்தது. ஒரு மணி நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"டயானா, இது வேற ஒண்ணுமில்ல. அனுப்புன அத்தனை எழுத்தோட மதிப்பையும் கூட்டி, எரநூத்தி அம்பத்தாறால வகுத்து, மீதிய கடைசில ஒட்டி விடுது. எழுத்து ஒண்ணு கொறஞ்சாலும் மீதி மாறிப்போகும். ஏழாங்கிளாஸ் கணக்கு!"

"ஏழாங்கிளாஸ் கணக்குக்கு ஏன் ஒரு மணி நேரம்?"

"ஏழாங்கிளாஸ்னு தெரியறதுக்குத்தான் அம்புட்டு நேரம்."

அவருக்கு அன்று இருந்த சந்தோஷத்தில் பாத்திரங்களையும் அவரே கழுவினார்.

சோதனையையும் மாற்றினாள். மிஷினாக நடிக்கும் லேப்டாப்பை இந்தத் தடவை வேண்டுமென்றே கெட்டவனாக நடிக்கவைத்தாள். செய்தியை நினைத்த இடத்தில் வெட்டி அனுப்பும், நடுவில் தூங்கும், இரண்டு பேர் ரிசல்ட்டை ஒட்டி அனுப்பும், ஒரு எழுத்தை மாற்றி அனுப்பும். லேபில் விருமாண்டி இதைப் பார்த்துவிட்டு உற்சாகமாகிவிட்டார். நிஜ மிஷின் பேசிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் படக்கென்று பிடுங்கினார். திரையில் சிவப்பாக எழுந்தது: 'முழுசா வரலை. மறுபடி அனுப்பவும்.' அச்சு எடுக்கும் பொத்தான் அமுங்க மறுத்தது.

"இப்பத்தான் மனுசன் மாதிரி பேசுது" என்றார் விருமாண்டி. சொல்லிவிட்டு இன்னும் நாலு தடவை பிடுங்கிப் பார்த்தார்.

பதினைந்து நாள், ஆயிரத்து நூறு ரிசல்ட். ஒரே ஓர் இடத்தில் மட்டும் புரோகிராமும் சரண்யாதேவியும் ஒத்துப்போகவில்லை. மிஷினைப் பார்த்தார்கள். புரோகிராம் சரி. சரண்யாதேவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதினாறாம் நாள் விருமாண்டி வாசிப்பதை நிறுத்தினார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. டயானாவின் புரோகிராம் இப்போது மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆறு லேப்களில் ஓடுகிறது. புதிதாக ஒரு லேபுக்குப் போனால் முதல் பதினைந்து நாள் கையாலும் அடிக்க வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. முடியாது என்றவர்களிடம் அவள் வேலை எடுப்பதில்லை. அப்படி இரண்டு பேரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். உக்கிரபாண்டி அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கல்யாணராமனின் லேபுக்குத்தான் அனுப்பிவைக்கிறார். இருளாயி பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புகிறாள்.

போன மாதம் திருமங்கலத்தில் இருந்து ஒரு கால்நடை டாக்டர் போன் செய்தார். ஆடு மாடுகளின் ரத்தம் பார்க்கும் மிஷின் ஒன்று இருக்கிறதாம், அதையும் கம்ப்யூட்டரோடு இணைக்க முடியுமா என்று கேட்டார்.

"மிஷின் பின்னாடி ஒம்பது ஊசி வச்ச சாக்கெட் இருக்கா சார்?" என்று கேட்டாள் டயானா.

"இருக்கு. ஆனா ஒண்ணு, இங்க எங்களுக்கு ஒரே கூட்டம்ங்க. கொஞ்சம் சத்தமாவும் இருக்கும்."

"நான் மருதையில டெங்கு சீசன்ல வேலை பாத்தவ சார். பழக்கம்தான்" என்றாள்.

போய் இறங்கியபோது அவர் சொன்ன கூட்டம் வராந்தாவில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தது. டயானா மிஷினின் பின்னால் குனிந்து, "வணக்கம் சார், எப்பிடி இருக்கீங்க?" என்று சாக்கெட்டின் தூசியை ஊதினாள். தரையில் வைத்திருந்த புதுக் கேபிளின் நுனியை ஒரு செம்பழுப்பு ஆடு முகர்ந்து பார்த்து, ருசி பிடித்துப்போய், நிதானமாக மெல்ல ஆரம்பித்தது. டாக்டர் ஓடி வந்து ஒரு பக்கம் இழுக்க, ஆடு மறுபக்கம் இழுக்க, டயானா சிரிப்பை அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.